வெறும் பெட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ராஜபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கிருபாபாய்க்கு மட்டும் கோபம் வராமல் இருந்திருந்தால் எங்கள் மில் லைன் வீடுகள் இன்றைக்கும் சூம்பிப்போன கத்திரிக்காயைத்தான் தின்றுகொண்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். என் தங்கச்சியைப் பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சோறு கட்டி எடுத்துக்கொண்டு மம்சாபுரம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மம்சாபுரத்தில் ஒருத்தி ஏறினாள். ஏறியவள் ஒரு மூட்டையை நேராக என் முழங்காலின் மேல் இறக்கினாள்.

"ஏட்டி, மூட்டைய இறக்க வேற எடம் கெடைக்கலையா உனக்கு?"

"கோவப்படாதீங்கக்கா. உங்க காலுக்குப் பக்கத்துலதான் செத்த எடம் இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு மூட்டை வாயைத் திறந்து இரண்டு கை கத்திரிக்காயை என் மடியில் போட்டாள். திரும்ப மூட்டையைக் கட்டினாள். சணல் இல்லை, கயிறு இல்லை. தன் பழைய சேலையின் கரையைக் கிழித்து வைத்திருந்தாள். மஞ்சள் சேலை, கிளிப்பச்சைக் கரை. அவள் பெயர் வேலுத்தாய். கத்திரிக்காயைப் போட்டு வாயை அடைத்துவிட்டாளே என்று எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குத் தங்கச்சி வீட்டில் அதை எண்ணெயில் வதக்கினேன். அப்படி ஒரு கத்திரிக்காயை நான் கல்யாணம் ஆகி ராஜபாளையம் வந்த நாளிலிருந்து தின்றதில்லை.

இரண்டு நாள் கழித்து எங்கள் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போனேன். காம்பு கறுத்து, தோல் சுருங்கிக் கிடந்தது. "என்னய்யா இது, கத்திரிக்காயா வத்தலா?" என்று கேட்டேன். "மதுரைச் சரக்கு அக்கா, ராத்திரி லாரியில வந்து எறங்குச்சு" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அவர் காலடியில் காலி மூட்டை கிடந்தது. அதன் வாயில் மஞ்சள் துணி, கிளிப்பச்சைக் கரை.

மறுநாள் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு மம்சாபுரத்துக்குப் போனேன். வேலுத்தாய் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றாள்.

"உன் கத்திரிக்கா எங்க போகுது தெரியுமா? இங்க இருந்து வில்லிபுத்தூரு, அங்க இருந்து மதுரை, மதுரையில இருந்து எங்க ஊரு. மதுரையச் சுத்திப் பாத்துட்டு வந்து என் சட்டியில விழுது!"

வேலுத்தாய் துணியை வாங்கிப் பார்த்தாள். "கொடுத்து வச்ச கத்திரிக்காக்கா. நானே இன்னும் மதுரையப் பாத்ததில்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடுதான் பேச்சு தொடங்கியது. மம்சாபுரம் எங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை வாங்கி முந்தியில் முடிவதற்குள் வந்துவிடும். இதற்கு நடுவில் மதுரைக்கு என்ன வேலை? எங்கள் லைனில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் அவளே காய் அனுப்பட்டும், வாரம் இரண்டு நாள், காலை பஸ்ஸில். வீட்டுக்கு ஓர் ஓலைப்பெட்டி. வெறும் பெட்டிகளை அன்று சாயங்காலப் பஸ்ஸில் நான் ஏற்றிவிடுவேன். எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி என்று தெரிய, பெட்டியின் காதில் ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டிக்கொள்ளலாம். அவளிடம் கிழிந்த சேலைக்குப் பஞ்சமில்லை.

வேலுத்தாய்க்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "பருத்தியில வாரது எல்லாம் அவரு கைக்குப் போகுதுக்கா. காயி போட்டா வாராவாரம் என் கைக்கு ஏதாவது வரும். பிள்ளைகளுக்கு ஒண்ணு வேணும்னா நான் யாரு மொகத்தையும் பாக்க வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதற்குக் காரணம் வேப்பமரத்தடியில் இருந்தது. அவள் புருஷன் சமுத்திரம் அங்கே ஓர் ஆட்டுக்குட்டியின் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சமுத்திரம் மனிதர்களோடு பேசுவது குறைவு. அவருக்கு உலகத்தில் ஆடுகள்தான் சொந்தபந்தம். பருத்தி போட்டால் கடைசிப் பஞ்செடுப்பு முடிந்ததும் ஆடுகளைப் பருத்திக் காட்டுக்குள் விடலாம், அவை இலையையும் பிஞ்சையும் தின்று ஒரு சுற்றுப் பெருத்துவிடும். காய்கறித் தோட்டத்துக்கு முள்வேலி போட வேண்டும். ஆடு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"என் ஆட்டுக்கு என்ன தரும் உங்க கத்திரிக்கா?" என்று கேட்டார். "மாசிப் பட்டம் வரைக்கும் பாப்பேன். சரிப்படலைன்னா அம்புட்டையும் உழுது பருத்தி ஊன்டிருவேன். அப்ப அழப்பிடாது."

ஆடியில் வேலுத்தாய் கிணற்றுத் தோட்டம் முழுக்கக் காய்கறி போட்டாள். கத்திரி, வெண்டை, அவரை, வேலியில் பீர்க்கு, வரப்பில் பூசணி. என் வாயை நம்பிப் போட்டாள். புரட்டாசி பிறந்ததும் பெட்டிகள் வரத் தொடங்கின. பச்சைத் துணி நூர்னிசா வீடு, ஊதா சுப்புராஜ் மேஸ்திரி வீடு, மஞ்சள் என் வீடு. மேலே மூடிக் கட்ட நான் பேண்டேஜ் துணி கொடுத்தேன். எங்கள் பக்கம் தறிகளில் அதுதானே ஓடுகிறது, ஓரம் கிழிந்த கழிவுத்துணி எல்லா வீட்டிலும் கிடக்கும். கண்டக்டர் காசிராஜன் முதல் நாள் இறக்கி வைத்துவிட்டு, "என்னக்கா, கத்திரிக்காய்க்கெல்லாம் கட்டுப் போட்டிருக்கு? ஆக்சிடெண்டா?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போதுதான் வம்பு தொடங்கியது. வம்பைத் தொடங்கியது வேறு யாருமில்லை, நான்தான். யாராவது நம் வீட்டுக்குப் பெட்டியில் ஒன்று கொடுத்து அனுப்பினால் அதை வெறுமனே திருப்பிக் கொடுப்போமா? காசு கொடுத்து வாங்கியதாகவே இருக்கட்டும், பெட்டி அவள் வீட்டுப் பெட்டி அல்லவா? கை வரவில்லை. ஒரு கை சீனியைப் பொட்டலம் கட்டிப் போட்டேன். நான் போட்டதைப் பார்த்துவிட்டு நூர்னிசா தன் கையால் செய்த தம்ரூட் இனிப்பு இரண்டு துண்டு வைத்தாள். சுப்புராஜ் வீட்டம்மா விடுவார்களா? "ஏமம்மா, நாம மட்டும் குறைச்சலா?" என்று ஒரு டப்பா முறுக்கை வைத்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஆனால் போட்டி என்று வந்தால் எந்தப் பாஷையும் ஒன்றுதான்.

அடுத்த முறை வந்த பெட்டிகளில் காய் தலைக்கு மேல் இருந்தது. வேலுத்தாய் சும்மா இருப்பாளா? சீனிக்கு ஒரு பூசணிக்கீற்று, தம்ரூட்டுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை, முறுக்குக்கு ஒரு முழுப் பீர்க்கங்கொடியையே சுருட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்த லைன் பெண்களுக்கு ரோஷம் வந்தது. கண்ணாடி வளையல் போனது. சில்வர் டம்ளர் போனது. பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி போனது. தீபாவளிக்கு வேலுத்தாய் சுப்புராஜ் வீட்டுப் பெட்டியில் ஒரு கோழியை வைத்து அனுப்பினாள், உயிரோடு.

அந்தக் கோழி பஸ்ஸில் முட்டை போட்டுவிட்டது. முட்டை உருண்டு காசிராஜன் காலடிக்குப் போய் நின்றது. "பஸ்ஸுக்குள்ள கண்டெடுத்த பொருள், டெப்போவுல ஒப்படைக்கணும்" என்று அவர் சட்டம் பேசினார். "கோழி எங்க வீட்டுக் கோழி, முட்டை மட்டும் கவர்மெண்ட் முட்டையா?" என்று சுப்புராஜ் வீட்டம்மா கேட்டார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் முட்டையைக் காசிராஜனே வைத்துக்கொண்டார்.

கோழிக்கு என்ன பதில் மரியாதை செய்வது? சுப்புராஜ் வீட்டம்மா ஒரு வாரம் யோசித்தார்கள். அவர்கள் வீட்டில் நாய் வளர்ப்பார்கள், எங்கள் ஊர் நாய், வெள்ளையாய் ஒல்லியாய் ஜமீன் நடை நடக்குமே, அந்த ஜாதி. குட்டி போட்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஊதாத் துணிப் பெட்டியில் பேண்டேஜ் துணிக்குள்ளிருந்து 'ஞொய்' என்று சத்தம் கேட்டது.

காசிராஜன் பெட்டியைத் திறந்து பார்த்தார். குட்டி அவரைப் பார்த்தது.

"யக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுக்கு டிக்கெட் போடணுமா, லக்கேஜ் போடணுமா?"

"நாளைக்கு அங்க இருந்து மாடு வந்தாலும் வரும். எல்லாத்துக்கும் சேத்துப் பொறவு போட்டுக்கிடுங்க" என்றேன். அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதுதான் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாய்க்குட்டி போன பிறகு யார் சீனி போடுவார்கள்? ஒரு கை சீனியை எடுத்தால் கை கூசியது. அந்த ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. அணையில் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை என்றார்கள். தையில் மில்லில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தினார்கள். நிரந்தரக்காரர்களுக்கு வேலை குறைந்தது, பதிலி ஆட்களுக்கு வேலையே போனது. நூர்னிசாவின் புருஷன் சேக் முகைதீன் பதிலி. அவர் தினமும் கேட் வரை போய், நின்று, திரும்பி வந்தார்.

ஒரு நாள் நூர்னிசா வந்து, "அக்கா, எங்களுக்கு இனிமே பெட்டி வேண்டாம். வீட்டுல யாருக்கும் காய்கறி எறங்க மாட்டேங்குது" என்றாள். அடுத்த வாரம் இன்னொருத்தி, மூட்டு வலிக்குக் கத்திரிக்காய் ஆகாதாம். இன்னொருத்தி வீட்டில் விருந்தாளியாம். சிவப்புத் துணி நின்றது, நீலம் நின்றது, பச்சை நின்றது. காலை பஸ்ஸில் வரும் பெட்டிகள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. மிச்சக் காய் பழையபடி மதுரையைப் பார்க்கப் போனது.

மம்சாபுரத்திலிருந்து காசிராஜன் சேதி கொண்டு வந்தார். "மாசிக்கு ஏர் சொல்லியாச்சாம் யக்கா. சமுத்திரம் அண்ணாச்சி பருத்தி விதை வாங்கி வச்சிட்டாகளாம். வேலுத்தாயிக்குப் பெட்டிய ஏத்தும்போது கண்ணு கலங்கியிருந்துச்சு."

என் வாயை நம்பிக் காய் போட்டவள். எங்கள் லைன்காரிகள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தோடு மார்க்கெட் பக்கம் போனால், அங்கே நூர்னிசா நிற்கிறாள். சூம்பிப்போன கத்திரிக்காயில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி! உங்க வீட்டுல காய்கறி எறங்காதுன்னியே. மதுரைக் காயி மட்டும் வழுக்கிக்கிட்டு எறங்குதோ?"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. நூர்னிசா துப்பட்டியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கடைக்காரருக்குக் காசு குடுத்தாப் போதும்க்கா. அவரு வெறும் பையத்தான் பாப்பாரு. அங்க வெறும் பெட்டிய எப்படி அனுப்புவேன்? வைக்கதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? ஆட்டையும் போன வாரம் வித்தாச்சு."

என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. எனக்கு அது பிடிக்காது, கோபம் போனால் கையும் காலும் ஓடாது. இத்தனை நாளும் மூட்டு வலி, விருந்தாளி என்று சொன்னதெல்லாம் இதுதானா? தின்ன வாய் இருக்கிறது, வாங்கக் கொஞ்சம் காசும் இருக்கிறது. திருப்பி வைக்கத்தான் ஒன்றுமில்லை. மரியாதையாலேயே ஒரு தோட்டம் பட்டுப்போகும் என்று யார் கண்டது?

"நாளைக்குப் பச்சைப் பெட்டி வரும்" என்றேன். "காயை எடுத்துக்கிட்டு வெறும் பெட்டிய வாசல்ல வை. வெறும் பெட்டிதான் போகும். வானம் இடிஞ்சு விழுதான்னு நானும் பாக்கேன்."

மறுநாள் பச்சைப் பெட்டி வந்தது. நூர்னிசா காயை எடுத்தாள். பெட்டியைத் துடைத்து வாசல் ஓரமாக வைத்தாள். அது வெறுமனே போவதைப் பார்க்க மனமில்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வீராப்பாகப் பேசினேனே தவிர, எனக்கும் அதைத் தூக்கக் கை வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம், "நூர்னிசா வாசல்ல பெட்டி இருக்கு, கட்டி பஸ்ஸுல ஏத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவர் சொன்னபடி ஏற்றிவிட்டு வந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நூர்னிசா திரும்பி வந்தாள். அவள் பூட்டைத் திறக்கும்போது சுப்புராஜ் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நூர்னிசா, உன் ஆட்டுக்கு வாழைக்காய்த் தோல் போட்டேனே, தின்னுச்சா? ஆட்டைக் காணோமே?" என்று கேட்டார்கள்.

"ஆட்டை வித்து ஒரு வாரம் ஆச்சேம்மா. எதுல போட்டீக?"

"வாசல்லதான், உன் பெட்டியில!"

பக்கத்து வீட்டுக்காரி, "நான் கோசு இலை போட்டேன்" என்றாள். "நான் பட்டாணித் தொலி." "எங்க வீட்டு முருங்கைக் காம்பு, கத்திரிக் காம்பு." நூர்னிசா ஆடு வளர்த்த காலமெல்லாம் அந்த வாசல் ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். லைன் முழுக்கச் சமையல் முடிந்ததும் தோலையும் தொலியையும் அதில் கொண்டுபோய்க் கொட்டும். கை பழகிவிட்டது. ஆடு போனதைக் கை மறந்துவிட்டது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "வெறும் பெட்டியைத்தானே ஏத்துனீக?"

"வெறும் பெட்டியா? நல்லா நெறையத்தான் இருந்துச்சு. பாவம், இல்லாத வீட்டுலயும் இம்புட்டு வச்சிருக்காகளேன்னு நெனச்சேன்."

"என்ன இருக்குன்னு பாக்கலையா?"

"அடுத்த வீட்டுல இருந்து என்ன வச்சு அனுப்புறாகன்னு உத்துப் பாக்குறது மரியாதையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். "மொகத்தை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டுத்தான் கட்டுனேன்."

நூர்னிசா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெறும் பெட்டியாவே போயிருக்கலாமேக்கா. குப்பையை அனுப்பிட்டேனே. அவிய என்ன நெனப்பாக?" என்று அழுதாள். வேலுத்தாய் கஷ்டப்பட்டு விளைவித்து அனுப்பிய காய்க்குப் பதிலாக, எங்கள் லைன் அவளுக்குச் சாக்கடைக்குப் போக வேண்டியதைக் கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறது. இதற்கு மேல் சமுத்திரம் ஏர் பூட்ட மாசி வரைக்கும் காத்திருப்பாரா?

காலையில் முதல் பஸ்ஸில் நான் கிளம்பினேன். கூடவே நூர்னிசாவும் வந்து ஏறினாள். "என் பெட்டி. நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்துக் காசிராஜன்கூடக் கிண்டல் பண்ணவில்லை. அது எவ்வளவு பெரிய துக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்தில் முதலில் எதிரே வந்தது சுப்புராஜ் வீட்டு நாய்க்குட்டிதான், கால் நீண்டு, ஆளையே விழுங்குவதுபோல் குரைத்துக்கொண்டு. அதன் பின்னால் சமுத்திரம். அவர் கையில் பச்சைத் துணி கட்டிய பெட்டி. ஆடுகள் அவரைச் சுற்றி முண்டிக்கொண்டு நின்றன.

"இந்தப் பச்சைத் துணிப் பெட்டி யாரோடது?" என்று கேட்டார். அவர் குரலே அப்படித்தான், நல்லது கேட்டாலும் அதட்டுவதுபோல் இருக்கும்.

நூர்னிசா என் பின்னால் ஒதுங்கினாள். "என்னோடதுதான் அண்ணே. தெரியாம..."

"இம்புட்டுத் தோலு ஒரு வீட்டுல எப்படித் தாயி விழுது?"

"ஒரு வீட்டுத் தோலு இல்லண்ணே. லைன் முழுக்க உள்ளது."

"ஒரு நாள் தோலா?"

"ஒரு நாள் தோலுதான்."

சமுத்திரம் பெட்டியைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார். ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. மழை இல்லாத வருஷம், மேய்ச்சல் நிலமெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. "மத்த நாளு அம்புட்டும் எங்க போகுது?"

"இவ ஆடு தின்னது போக மிச்சமெல்லாம் சாக்கடைக்குத்தான்" என்றேன் நான்.

"சாக்கடைக்கா!" என்று அந்த மனிதர் கத்திய கத்தில் நாய்க்குட்டி குரைப்பதை நிறுத்திவிட்டது. "புரட்டாசியில இருந்து வளையலும் டம்ளரும் அனுப்பத் தெரிஞ்சுது. இந்த நாயை அனுப்பத் தெரிஞ்சுது. வாழைக்காத் தோலைச் சாக்கடையில போட்டீகளா? இங்க என் ஆடு முள்ளைக் கடிச்சிக்கிட்டு நிக்கி!"

என் வாழ்க்கையில் என்னைவிடக் கோபக்காரர் ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சத்தம் கேட்டு வேலுத்தாய் ஓடி வந்தாள். எங்கள் இருவரையும் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய் அலமாரியைக் காட்டினாள். டம்ளர்கள், வளையல், பிரிக்காத முறுக்கு டப்பா எல்லாம் வரிசையாக இருந்தன. "இதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும்க்கா. என்னத்த அனுப்பி ஈடு கட்டுவேன்? விக்கிற காயில பாதியக் கூடுதலா வச்சு அனுப்பி, கையில ஒண்ணும் நிக்கலை. பெட்டிய மூடுனா மூச்சு முட்டுது. நேத்துத்தான் பச்சைப் பெட்டியத் திறந்துட்டு நிம்மதியாத் தூங்குனேன். தோலுக்கு நான் பதில் மரியாதை செய்ய வேண்டாம்லா?"

அங்கே ஒருத்தி கொடுத்துக் கொடுத்து அழுதிருக்கிறாள், இங்கே ஒருத்தி கொடுக்க முடியாமல் அழுதிருக்கிறாள். நடுவில் நான் ஒரு கை சீனியைப் போட்டு இவ்வளவையும் தொடங்கி வைத்திருக்கிறேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினோம். நூர்னிசா சிரிப்பும் அழுகையுமாகத் துப்பட்டியில் மூக்கைச் சிந்தினாள்.

வெளியே வந்தபோது சமுத்திரம் பச்சைப் பெட்டியைத் தட்டிக் காலி செய்துவிட்டு, அவராகவே தோட்டத்துக்குள் போய்க் காய் பறித்துக்கொண்டிருந்தார். வேலுத்தாய் வாயைப் பிளந்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஆட்டைத் தவிர வேறு யாருக்காகவும் குனிந்து எதையும் பறித்ததில்லையாம். பெட்டியை நிரப்பி நூர்னிசாவின் முன்னால் வைத்தார்.

"தோலைச் சேத்து அனுப்பும்மா. காயி வந்துக்கிட்டே இருக்கும். வேற பேச்சு வேண்டாம்."

"பருத்தி விதை வாங்கிட்டீகளாமே?" என்று கேட்டேன். கேட்காமல் என்னால் எப்படி இருக்க முடியும்?

"விதை எங்கயும் ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டு ஆடுகளோடு போய்விட்டார். மாசியில் சொன்னபடி ஏர் வந்தது. பழைய கத்திரியை உழுதுவிட்டு வெண்டையும் கொத்தவரையும் போட்டார்கள். ஆடு தின்னாத வெங்காயத் தோலும் அழுகலும் குப்பைக்குழிக்குப் போய் அந்த வெண்டைக்கு உரமானது.

லைனில் நான் சட்டம் போட்டேன். இனிமேல் பெட்டியில் தோலையும் தொலியையும் தவிர ஒன்றும் போகக்கூடாது. மீறுகிறவளை நான் வந்து பார்த்துக்கொள்வேன். சுப்புராஜ் வீட்டம்மாவுக்கு வருத்தம், இன்னும் இரண்டு குட்டி கையில் இருந்தது. மூட்டு வலிக்காரிக்கு ஒரே நாளில் மூட்டு சரியானது. விருந்தாளி ஊருக்குப் போனார். சிவப்பு, நீலம் எல்லாம் திரும்ப வந்தன. தினமும் மத்தியானம் நூர்னிசா வீடு வீடாகப் போய், "ஏட்டி, மொளகாக் காம்பு போடாத, ஆடு தும்மும்" என்று அதட்டித் தோல் வாங்கினாள். முன்பெல்லாம் தலை குனிந்து போகிறவள், இப்போது கதவைத் தட்டினாள். காசிராஜன் மட்டும், "யக்கா, பஸ்ஸுக்குள்ள ஆட்டுக்கிடை வாசம் வருது. நாளைக்கு எனக்குத்தான் கொம்பு முளைக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே ஏற்றிப் போனார்.

ஆனியில் சாரல் விழுந்தது. ஒரு நாள் மூன்றாவது ஷிப்டுக்கும் சங்கு ஊதியது. லைனில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று கேட்டோம். சேக் முகைதீன் உள்ளே போனார், கேட்டிலிருந்து திரும்பி வரவில்லை.

அவருக்குச் சம்பளம் வந்த மறுநாள் சாயங்காலம். நான் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பச்சைப் பெட்டி கையில் கொஞ்சம் கனத்தது. தோலை விலக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு பொட்டலம், சீனி.

"ஏட்டி நூர்னிசா!" என்று நான் போட்ட சத்தத்தில் லைன் முழுக்கக் கதவு திறந்தது. "சட்டம் போட்டேனா இல்லையா? பட்டதெல்லாம் மறந்து போச்சா? இன்னைக்குச் சீனி, நாளைக்குக் கோழி, மறுநாள் நாய்! எடு அதை வெளிய!"

நூர்னிசா ஓடி வந்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவைக்கா" என்றாள். "இன்னைக்குத்தான் வைக்கதுக்கு எங்கிட்ட இருக்கு."

பஸ் ஹாரன் கேட்டது. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டியை மூடிக் கட்டினேன்.